மாத்தளையின் காடும் உழைப்பும்: சூழற் பாதுகாப்பின் வரலாற்றுப் பின்னணி

1

பேண்தகு அபிவிருத்தி என்னுந் தொடர் இன்று அரச ஆவணங்களிலும் பாடசாலை நூல்களிலும் நிலைபெற்றுவிட்டது. 1972ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் நகரில் நடைபெற்ற ஐக்கிய நாடுகளின் மானிடச் சூழல் மாநாடு இச்சிந்தனையை உலகரங்குக்குக் கொணர்ந்தது. 1987இல் நோர்வேயின் பிரதமராகவிருந்த குறோ ஹார்லெம் புருண்ட்லாந்தின் தலைமையிலான ஆணைக்குழு தனது அறிக்கையின் வாயிலாக இத்தொடரைப் பரவலாக்கியது. வருங்காலத் தலைமுறைகளின் பங்கை இன்றே உண்டு தீர்க்காத வளர்ச்சி என்று அதன் சாரத்தைக் கூறலாம். இவ்வரைவிலக்கணத்தில் தலைமுறைகள் உண்டு, வர்க்கங்கள் இல்லை. எவருடைய நிலம், எவருடைய உழைப்பு, அழிவின் பயனை நுகர்ந்தோர் எவர், அதன் சுமையைத் தாங்கியோர் எவர் என்னும் வினாக்கள் எழுப்பப்படாவிடின், சூழற் பாதுகாப்பு என்பது நல்லெண்ணங்களின் பட்டியலாக மட்டுமே எஞ்சும்.

இவ்வினாக்களை ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பின் வரலாற்றில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மாத்தளை மாவட்டம் அதற்கு மிகப் பொருத்தமானது. அதன் தென்புறம் ஈரமான மலைநாடு. வடபுறம் தம்புள்ளை, கலேவெல வரை விரியும் உலர்வலயம். கிழக்கே சிங்களத்தில் தும்பர எனவும் ஆங்கிலேயரால் நக்கிள்ஸ் எனவும் பெயரிடப்பட்ட மலைத்தொடர். மாத்தளை நகரினூடாகச் செல்லும் சுது கங்கை அம்பன் கங்கையுடன் கலந்து மகாவலியைச் சென்றடைகின்றது. வயல், சேனை, வீட்டுத்தோட்டம், கோப்பி, கொக்கோ, றப்பர், தேயிலை, ஏலம், நீர்த்தேக்கம் என இலங்கையின் நிலப் பயன்பாட்டு வடிவங்கள் பெரும்பாலானவற்றை இங்கு ஒருங்கே காணலாம். அவ்வடிவங்கள் ஒன்றையொன்று அகற்றியும் அடக்கியும் வந்த கதையே மாத்தளையின் சூழல் வரலாறு.

2

குடியேற்ற ஆட்சிக்கு முன்னர் மனிதனும் இயற்கையும் பூரண இணக்கத்துடன் வாழ்ந்தனர் என்பது ஒரு சாரார் விரும்பிக் கூறுவது. இக்கூற்று வரலாற்றாய்வுக்கு உதவாது. கண்டி இராச்சியத்தின் நிலவுடைமை நிலமானியத் தன்மை வாய்ந்தது. நிலத்தைப் பெற்றவன் அதற்கீடாக இராசகாரியம் எனப்படும் கட்டாய சேவையைச் செய்தல் வேண்டும். அரசன் காடுகள் சிலவற்றைத் தடைசெய்து காத்தமைக்கு மரங்களின் மீதான அன்பைவிடப் படையெடுப்பின் மீதான அச்சமே முதற்காரணம். அடர்ந்த காடே கண்டியின் கோட்டையாக விளங்கியது. அம்பன் கங்கையை மறித்து நீரைத் திருப்பிய பண்டைய எலஹெர கால்வாயும், அதனோடு தொடர்புற்ற மின்னேரிக் குளமும், பெருந்திரளான உழைப்பை ஒன்றுதிரட்டவல்ல அரசதிகாரத்தின் படைப்புகளே.

ஆயினும் ஓர் உண்மையை மறத்தலாகாது. அச்சமுதாயத்தில் குடியானவனின் வாழ்வு மூன்று நிலங்களின் மீது தங்கியிருந்தது. தாழ்நிலத்தில் வயல், அதன் மேட்டில் பலா, கமுகு, மிளகு முதலியன செறிந்த வீட்டுத்தோட்டம், அதற்கப்பால் காடும் சேனையும். சேனை என்பது காட்டின் ஒரு பகுதியை வெட்டி எரித்துக் குரக்கன் முதலிய தானியங்களை விளைவித்து, ஓரிரு போகங்களின் பின் அந்நிலத்தை மீண்டும் காடாக விட்டுவிடும் பயிர்ச்செய்கை முறை. போதிய ஆண்டுகள் ஓய்வு கிடைக்குமட்டும் காடு மீளும். கால்நடைக்குப் புல்லும் வீட்டுக்கு விறகும் நோய்க்கு மூலிகையும் தந்தது அக்காடே. இம்மூன்றும் ஒன்றையொன்று தாங்கிய ஒரே பொருளாதாரத்தின் உறுப்புகள். ஒன்றை அகற்றின் ஏனையவை தளரும். 1840இல் நிகழ்ந்தது அதுவே.

3

1815இல் கண்டி பிரித்தானியர் வசமாயிற்று. 1833இல் கோல்புறூக்-கமரன் ஆணைக்குழுவின் விதந்துரைகளுக்கமைய இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. முற்போக்கான இந்நடவடிக்கை, முதலாளித்துவ உற்பத்திக்கு வேண்டிய மற்றொரு நிபந்தனைக்கும் வழிகோலியது. நிலமும் உழைப்பும் சந்தைக்கு வரவேண்டும் என்பதே அந்நிபந்தனை. உழைப்பு எளிதில் வரவில்லை. நிலத்தை வரவழைக்கச் சட்டம் இயற்றப்பட்டது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடந்த நிலங்களை, மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடியின் உடைமை எனக் கருதியது. கண்டிப் பகுதிகளில் சேனை நிலமும் அவ்வாறே கொள்ளப்பட்டது. நிரூபிக்கும் பொறுப்பு குடியானவன் மீது சுமத்தப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தால் உரிமை கொண்டிருந்தவனிடம் எழுத்தாவணம் கேட்கப்பட்டது. ஓய்வுக்காக விடப்பட்ட சேனை, சட்டத்தின் கண்ணுக்குத் தரிசாகத் தோன்றியது. மண்ணைக் காத்த ஓய்வே மண்ணைப் பறித்தற்குரிய காரணமாயிற்று. இதனை வெறும் தற்செயலான விளைவாகக் கொள்ள இயலாது. பொதுநிலத்தைத் தனியுடைமையாக்கும் ஆரம்ப மூலதனத் திரட்சி, இங்கிலாந்தில் வேலியடைப்பின் மூலமும் மாத்தளையில் சட்ட அனுமானத்தின் மூலமும் நடைபெற்றது.

முடிக்குரிய நிலம் தொடக்கத்தில் ஏக்கர் 5 சிலிங்குக்கு விற்கப்பட்டது. ஆளுநர் முதலாகக் குடியியற் சேவை அலுவலர் பலர் வாங்குவோராயினர். விற்பவரும் வாங்குபவரும் ஒரே கூட்டத்தினர். 1844இல் ஆகக் குறைந்த விலை 20 சிலிங்காக உயர்த்தப்பட்ட போதிலும், சிறந்த காடுகள் பல அதற்கு முன்னரே கைமாறியிருந்தன.

1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின் பின்னணியில் இந்நில இழப்பை வைத்து நோக்குதல் இன்றியமையாதது. 1846ஐ அடுத்துக் கோப்பி விலை வீழ்ந்தது. வருவாய் குன்றிய அரசு, டொறிங்டன் பிரபுவின் ஆட்சியில், துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்தது. வீதிச் சட்டம் ஒவ்வோர் ஆணும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும் அல்லது 3 சிலிங் செலுத்தவேண்டும் என்றது. ஒழிக்கப்பட்ட இராசகாரியம் வேறுருவில் திரும்பியது. இவ்வரிகள் எவரைத் தாக்கின என்பதைக் கவனித்தல் வேண்டும். துப்பாக்கியும் நாயும் சேனையைக் காட்டு விலங்குகளிடமிருந்து காப்பவை. ஆடம்பரப் பொருள்கள் அல்ல. வீதியோ பெருந்தோட்டத்தின் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவது. 1848 யூலை 28ஆந் திகதி தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். மாத்தளைக் கச்சேரி தாக்கப்பட்டது. இராணுவச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டு, ஓகஸ்ட் 8ஆந் திகதி புரன் அப்பு கண்டியில் சுட்டுக்கொல்லப்பட்டான். பண்டா மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டான். இக்கிளர்ச்சியைத் தேசியவாத எழுச்சியின் முதற் கட்டமாகக் கொள்ளும் மரபு உண்டு. அதனை மறுக்கவேண்டிய அவசியமில்லை. எனினும் காட்டையும் சேனையையும் இழந்த குடியானவரின் எழுச்சி என்ற வகையில், இலங்கையின் சூழல் வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு.

4

காடு பறிக்கப்பட்டதாயினும் அதனைத் தானே வெட்ட முதலால் இயலாது. சிங்களக் குடியானவன் தன் வயலை விட்டுக் கூலியாகத் தோட்டத்தில் நிலைத்திருக்க முன்வரவில்லை. தென்னிந்தியத் தமிழ் மாவட்டங்களில் நிலமின்மையாலும் சாதிக் கொடுமையாலும் பஞ்சத்தாலும் நலிந்தோர் கங்காணிமாரால் திரட்டப்பட்டனர். பாக்கு நீரிணையைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிய அவர்கள், நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டு வழியைக் கால்நடையாகக் கடந்து தம்புள்ளையூடாக மாத்தளையை அடைந்தனர். நீரின்மையும் கொலறாவும் வழிநெடுகிலும் மனிதரைக் கொண்டுசென்றன. மலைநாட்டின் வாயிலாக விளங்கிய மாத்தளையில் முத்துமாரியம்மன் வழிபாடு வேரூன்றியமையை இப்பயணத்தினின்றும் பிரித்து நோக்கமுடியாது. நோயைத் தருபவளும் தீர்ப்பவளுமான தெய்வமே அவர்களுக்கு அணுக்கமானவள்.

கோப்பிக்கென மலைச்சரிவுகள் வெட்டப்பட்டன. வெட்டிய மரங்கள் எரிக்கப்பட்டன. காட்டின் சாம்பலும் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த இலைமக்கும் முதல் சில ஆண்டுகளுக்கு உரமாயின. களை ஒன்றுமின்றி வழித்தெடுத்த நிலமே நல்ல தோட்டத்துக்கு அடையாளமெனத் துரைமார் கருதினர். அதன் விளைவாகப் பருவமழை மேன்மண்ணை ஆறுகளிற் சேர்த்தது. கியூபாவில் ஸ்பானியத் தோட்டக்காரர் மலைக்காட்டை எரித்து, அச்சாம்பலைக் கொண்டு ஒரு தலைமுறைக் கோப்பியின் இலாபத்தை ஈட்டியதையும், பின் மழை மண்ணைக் கழுவி வெறும் பாறையை விட்டுச்சென்றதையும் ஏங்கெல்ஸ் எடுத்துக்காட்டியுள்ளார். மாத்தளையின் சரிவுகளிலும் நிகழ்ந்தது அதுவே. முதலாளித்துவ விவசாயத்தின் முன்னேற்றம் உழைப்பாளியைச் சுரண்டும் வேளையிலேயே மண்ணையுஞ் சுரண்டுகின்றது என்னும் மார்க்சின் கருத்துக்கு இதனிலும் தெளிவான சான்று தேவையில்லை. காட்டு வழியில் மாண்டவனும் கழுவுண்ட மண்ணும் ஒரே கணக்கேட்டில் பதியப்படாத செலவுகள்.

இலக்கிய மாணவருக்கு இவ்விடத்தில் ஒரு குறிப்பு. மலையகத் தமிழ் நூல்களுள் மிகப் பழையவற்றுள் ஒன்றான ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869இல் வெளிவந்தது. கும்மி என்னும் மக்கள் வடிவத்தைக் கையாண்ட அந்நூல், கோப்பிச் செய்கையைத் துரைமாரின் நோக்கில் நின்று போற்றுவது. அதற்கு எதிர்நிலையிலுள்ளவை தொழிலாளரிடையே வாய்மொழியாக வழங்கிப் பின்னாளில் சி. வி. வேலுப்பிள்ளை முதலியோராற் சேகரிக்கப்பட்ட நாட்டார் பாடல்கள். ஒன்றில் மலை விளைநிலம். மற்றொன்றில் அதே மலை பிரிவின் களம். ஒரே மலையை இரு வர்க்கங்கள் இரு வகையாகக் கண்டன.

5

கும்மி வெளிவந்த அதே 1869இல், மடுல்சீமைப் பகுதியில், கோப்பியிலையின் அடிப்புறத்திற் செம்மஞ்சட் பொடியாகப் படியும் பங்கசு கண்டறியப்பட்டது. ஹெமிலியா வஸ்டாட்றிக்ஸ் எனப் பெயரிடப்பட்ட இந்நோய் மலைகளினூடு பரவியபோதும், அதிக விலையால் ஊக்கமுற்ற முதலாளிகள் மேலும் காடுகளை வெட்டினர். 1870களின் இறுதியில் கோப்பி சுமார் 2,75,000 ஏக்கரை மூடியிருந்தது. 1880இல் நோயை ஆராய வந்த மார்ஷல் வோட், பங்கசின் வித்திகள் காற்றினாற் பரவுவதை நிறுவினார். இடையறாத ஒரே பயிரின் விரிவு நோய்க்குப் பாதையிட்டதென்பது அவ்வாய்வின் வழியே தெளிவாயிற்று. பல்லினக் காட்டில் வித்தியை மறிக்க நூறு மரங்கள் நின்றிருக்கும். அவை வெட்டப்பட்டுவிட்டன.

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டதும் 1880இலேயே. அப்பாதை வந்துசேர்ந்தபோது அது ஏற்றவேண்டிய கோப்பி அழிந்துகொண்டிருந்தது. முதலாளர் சிலர் முறிந்தனர், வங்கிகள் ஆடின, ஆனால் முதல் வேறு பயிரிற் புகுந்தது. மேட்டுநிலத்தில் தேயிலையும், மாத்தளையின் இடைமலைப் பகுதியில் கொக்கோவும் பின்னர் றப்பரும் பரவின. கோப்பிக்காலத்தில் அறுவடைக்கு வந்து ஊர் திரும்பிய தொழிலாளி, ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டிய தேயிலைக்கு லயத்தில் நிலையாகக் குடியிருத்தப்பட்டான். பயிர் மாறிற்று, உடைமை உறவு மாறவில்லை.

6

காட்டழிவைக் குடியேற்ற அரசு கவனிக்காமலில்லை. கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைக்கமைய 1873இல் 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டுதல் தடைசெய்யப்பட்டது. 1885இல் வனக் கட்டளைச் சட்டம் வந்தது. இன்று நக்கிள்ஸ் உச்சிகளிற் காடு எஞ்சியிருப்பதற்கு இந்நடவடிக்கைகளும் ஒரு காரணம் என்பதை நேர்மையாக ஏற்றல் வேண்டும். எனினும் இப்பாதுகாப்பின் தருக்கத்தை நோக்குக. உச்சிக்காடு காக்கப்பட்டமை, கீழேயுள்ள தோட்டங்களுக்கு மழையும் நீரோடையும் உறுதிப்படவேண்டும் என்னுங் கவலையையும் உள்ளடக்கியது. தோட்டங்கள் விழுங்கிய இடைமலைக் காடு விவாதத்துக்கே வரவில்லை. காட்டின் எதிரியாகச் சுட்டப்பட்டவன் சேனைக்காரன். பெருங்காட்டை எரித்துக் கோப்பியிட்டது அபிவிருத்தி. சிறுகாட்டை எரித்துக் குரக்கன் விதைத்தது குற்றம். இவ்விரட்டை அளவுகோலே நமது வனக் கொள்கை பெற்றுக்கொண்ட முதுசொம்.

சுதந்திரத்தின் பின்னரும் அது முற்றாக அகலவில்லை. இலங்கையின் வனப்பரப்பு 1956இல் நிலப்பரப்பின் 44 வீதமாக இருந்து, 1992 அளவில் அடர்காடு 24 வீதமாகக் குன்றியது. 1986இல் பின்லாந்தின் உதவியுடன் வரையப்பட்ட வனப் பெருந்திட்டம், இயற்கைக் காட்டில் மரம் தறிப்பதற்கு இடமளித்ததென்று சூழல் அமைப்புகளின் கடும் எதிர்ப்புக்குள்ளாயிற்று. தன் காட்டை நன்கு பேணுவதாகப் புகழ்பெற்ற நாட்டின் நிபுணத்துவமும், உதவி பெறும் நாட்டின் கடன் பொருளாதாரத்துக்குள் நுழையும்போது வேறு முகங் கொள்கின்றது என்பதற்கு இது சான்று. எதிர்ப்பின் பயனாக 1990இல் இயற்கைக் காடுகளில் வணிகத் தறிப்பு நிறுத்தப்பட்டது. காடு காக்கப்பட்டது அரசின் கருணையாலன்று; மக்களின் தலையீட்டால்.

7

நக்கிள்ஸ் மலையின் ஏலச் செய்கை இவ்வரலாற்றின் மிகச் சிக்கலான பக்கம். ஏலம் நிழலை வேண்டுவது. பெருமரங்களை விட்டுவைத்துக் கீழ்வளர்ச்சியை மட்டும் அகற்றிப் பயிரிடுவதால், தூரத்திலிருந்து நோக்குவார்க்குக் காடு காடாகவே தோன்றும். ஆயின் இளங்கன்றுகள் வெட்டப்படுவதால் முதுமரம் வீழும்போது அதனிடத்தை நிரப்ப வாரிசு இராது. காயை உலர்த்தும் சூளைகளுக்கும் காட்டு விறகே எரிந்தது. இரத்தோட்டை, லக்கலை ஆகிய பகுதிகளின் குடும்பங்கள் பலவற்றுக்கு இதுவே கைக்காசு; பெருங் குத்தகைகளோ வெளியாரிடமும் இருந்தன. 1980களின் நடுப்பகுதிக்குப் பின்னர் குத்தகைகள் புதுப்பிக்கப்படவில்லை. 2000ஆம் ஆண்டு நக்கிள்ஸ் பேணற் காடாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010இல் சிவனொளிபாத மலைக் காடு, ஹோட்டன் சமவெளி ஆகியவற்றுடன் சேர்த்து, மத்திய மலைநாடு என்னும் பெயரில், உலக மரபுரிமையாயிற்று.

இக்காட்டின் உயிரினச் செல்வத்தை எண்ணுமிடத்து இந்நடவடிக்கை சரியானதே. ஏலத்தை அதே முறையில் தொடரவிடுதல் காட்டின் மெதுவான மரணம். எனினும் தடையின் சுமை எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதே வினா. குத்தகை முதலாளி வேறு தொழிலுக்குச் சென்றான். மலையடிவாரத்துக் குடியானவனுக்கும் கூலிக்கும் மாற்றுவழி குறைவு. மாத்தளையின் வீட்டுத்தோட்டம் இங்கு ஒரு விடையைச் சுட்டுகின்றது. மிளகு, கராம்பு, சாதிக்காய், பலா, கமுகு என அடுக்கடுக்காக வளரும் அத்தோட்டம் மண்ணை மூடிக் காப்பதோடு ஆண்டு முழுவதும் வருவாயுந் தருவது. ஏற்றுமதிக் கமத்தொழில் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் மாத்தளையில் அமைந்தது பொருத்தமே. ஆனால் வீட்டுத்தோட்டத்துக்கு வீடும் நிலமும் வேண்டும்.

இவ்விடத்திலேதான் தோட்டத் தொழிலாளியின் நிலை தெளிவாகின்றது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியபோது, இடைமலைநாட்டில் தோட்டங்கள் சில துண்டாடப்பட்டன. அங்கு தலைமுறைகளாக உழைத்தோர் பங்கு பெறவில்லை. பலர் பட்டினியோடு வெளியேற்றப்பட்டனர். மாத்தளையிலிருந்து எழுதிய மலரன்பன், மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன் ஆகியோரின் சிறுகதைகளை இப்பின்னணியில் வைத்துப் படித்தல் பயன் தரும். அரசுடைமை என்பது மட்டும் சமவுடைமையாகிவிடாது என்பதை இவ்வனுபவம் உணர்த்துகின்றது. கட்டுமானம் கைமாறியது; துரையின் இடத்தில் அலுவலர் அமர்ந்தார்; தேய்ந்த மண் தேய்ந்தே கிடந்தது. 1992இல் முகாமை மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் சென்றது.

8

நீர்த் திட்டங்களும் இவ்வரிசையிற் சேர்வன. 1976இல் பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலி நீர் சுரங்கவழியே உக்குவெல மின்னிலையத்தை அடைந்து, போவத்தென்னையூடாக வடக்கே திருப்பப்பட்டது. 2018இல் மொரகஹகந்தை நீர்த்தேக்கம் நிறைவுற்றது. களு கங்கைத் திட்டத்தால் பழைய லக்கல-பள்ளேகம நகர் நீரினுள் அமிழ, அதற்கீடாக 2019இல் பசுமை நகரம் என்னும் பெயரோடு புதிய நகர் திறக்கப்பட்டது. வடமத்திய உழவருக்கு நீர் தேவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு பள்ளத்தாக்கின் வயல்களும் ஊர்களும் நீரில் மறைந்தபின் எழும் நகருக்குப் பசுமை என்னும் அடைமொழி எளிதில் வழங்கப்படுதல் சிந்தனைக்குரியது.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே அறிவித்தலால் தடைசெய்யப்பட்டது. சேதன விவசாயம் என்னும் நல்ல குறிக்கோள், அந்நியச் செலாவணி நெருக்கடியின் நிழலில், போதிய மாற்று உரமோ பயிற்சியோ இன்றி, ஆணையாக வந்தது. நெல் விளைச்சலும் தேயிலை உற்பத்தியும் வீழ்ந்தன, உழவர் வீதிக்கிறங்கினர், நவம்பரில் தடை நீக்கப்பட்டது. 1840இன் சட்டத்துக்கும் 2021இன் ஆணைக்கும் நோக்கத்திற் பெரும் வேறுபாடு உண்டு. முறையிலோ ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் மண்ணைத் தொட்டு உழைப்பவன் கலந்துகொள்ளப்படவில்லை.

9

மேற்கூறியவற்றாற் பெறப்படுவன யாவை? முதலாவது, மாத்தளையின் சூழலழிவு மக்கட்பெருக்கத்தாலோ சேனைக்காரனின் அறியாமையாலோ தொடங்கியதன்று. பொதுநிலம் பறிக்கப்பட்டுப் பண்டமாக்கப்பட்டதில் தொடங்கியது. இரண்டாவது, நிலத்தை இழந்த சிங்களக் குடியானவனும் நிலத்தை ஒருபோதும் பெறாத தமிழ்த் தொழிலாளியும் ஒரே செயன்முறையின் இரு முனைகள். அவர்களை எதிரெதிரே நிறுத்திய அரசியல், மலையையும் அவர்களையும் ஒருங்கே சுரண்டியோரை மறைத்துவந்துள்ளது. மூன்றாவது, வேலியிட்டுக் காடு காத்தல் அவசியமாயினும் போதுமானதன்று. வேலிக்கு வெளியே வாழ்பவனுக்கு நிலமும் மாற்றுத் தொழிலும் உறுதிப்படாதவரை, பாதுகாப்பு என்பது அவனுக்குத் தண்டனையாகவே தோன்றும்.

2003இன் சட்டத்தோடு நாடற்றோர் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. 2015ஐ அடுத்துத் தோட்டக் குடும்பங்களுக்கு 7 பேர்ச் காணியுடன் வீடு வழங்கும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. வரவேற்கத்தக்கதாயினும், 7 பேர்ச்சில் வீடு நிற்கும். பலாவும் மிளகும் கமுகும் செறிந்த தோட்டம் நில்லாது. தரிசாகிய தோட்ட நிலங்களை அவற்றில் உழைத்தோரின் கூட்டு முயற்சிக்கு விட்டு, மலைச்சரிவுகளைப் பல்லினப் பயிரால் மீள மூடுதல் மாத்தளையின் மண்ணுக்கும் மக்களுக்கும் ஒருசேர நன்மை பயக்கும். தொழிற்சங்கங்களும் சூழல் அமைப்புகளும் இன்று தனித்தனி மேடைகளில் நிற்கின்றன. ஒன்று சம்பளத்தையும் மற்றொன்று காட்டையும் பேசுகின்றது. இரண்டும் ஒரே வரலாற்றின் இரு குரல்கள் என்பதை உணர்ந்து அவற்றை இணைக்கும் பணி, பல்கலைக்கழக ஆய்வாளரையும் சார்ந்ததாகும்.